நீண்டுபோன பத்து போல்ட்டுகள்

1. இரண்டாம் முறை

சண்டிலிப்பாய் நடராசாவின் வான் வண்டியைக் கயிறு கட்டி இழுத்து என் சுன்னாகம் கராஜுக்குக் கொண்டுவந்தார்கள். எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் கசிவை அடைக்கும் ஹெட் காஸ்கெட் போனது அது இரண்டாம் முறை. முதல் முறை ஹெட்டைக் கழற்றிப் பூட்டியவன் நான்தான். ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அன்று அளவெட்டி மேளகாரரை ஏற்றிக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போகும் வழியில் வான் கொதித்து நின்றுவிட்டது. தாலிகட்டு நேரத்துக்கு மேளம் போய்ச் சேரவில்லை. ஓட்டியவன் நடராசாவின் தம்பி ரஞ்சன்.

எப்படித் திரும்பவும் போனது என்று நடராசா கேட்டார். நான் ஹெட்டைக் கழற்றவில்லை, எதையும் அளக்கவில்லை. பதில் மட்டும் வாயில் தயாராக இருந்தது.

"உன்ரை தம்பி தண்ணி பாக்காமல் ஓடியிருக்கிறான். வேறை என்ன?"

காலையில் ராடியேட்டரைத் திறந்து பார்த்ததாக ரஞ்சன் சொன்னான்.

"நாப்பது வருசமா எஞ்சினுக்கை கை வைக்கிறவன் நான். நீ எனக்குப் படிப்பிக்காதை" என்றேன்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நடராசா தம்பியின் கையிலிருந்த வான் திறப்பை வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டார். "இனி நீ உதிலை ஏறவேண்டாம்" என்றார்.

2. எங்கள் பெருமை

யுத்தகாலப் பொருளாதாரத் தடையில் எங்களுக்கு ஒரு நட்டுக்கூட வராது. கழற்றிய போல்ட்டைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, ஒயில் தடவி, அதையே திரும்பப் பூட்டுவோம். மண்ணெண்ணெயில் ஓட்டிய அந்தப் பழைய எஞ்சின்களின் போல்ட்டுகள் தடித்தவை. புரி பழுதாகாதவரை பல முறை பாவிக்கலாம். அன்று அது பிழையில்லை.

பிறகு தெற்குக்கான பாதை திறந்தது. புது எஞ்சின்கள் வந்தன. எங்கள் கை மட்டும் மாறவில்லை. வழியில்லாமல் செய்ததைத் திறமை என்று சொல்லித் திரிந்தோம். இறுக்கும் அளவைக் காட்டும் டோர்க் ரென்ச் வைத்திருப்பவனைப் பார்த்து, இவனுக்குக் கையில் உணர்ச்சி இல்லையா என்று நக்கலடித்தோம். இன்றும் அப்படிப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவர்களுக்கு அந்தப் பேச்சைப் பழக்கியவர்களில் நானும் ஒருவன்.

நடராசாவின் வானில் இருந்தவை நீளும் போல்ட்டுகள். முதலில் டோர்க் ரென்ச்சால் குறித்த அளவுக்கு இறுக்கி, பிறகு தொண்ணூறு பாகை, அதன்பின் இன்னொரு தொண்ணூறு பாகை திருப்பவேண்டும். அப்போது போல்ட் சற்றே நீளும். அந்த இழுவைதான் ஹெட்டை அமர்த்திப் பிடிக்கிறது. கழற்றினால் அது பழைய நீளத்துக்கு முழுதாகத் திரும்பாது. சில எஞ்சின்களில் அளந்து, எல்லைக்குள் இருந்தால் திரும்பப் பூட்டலாம். சிலவற்றில் புதியவைதான் போடவேண்டும். எது எப்படி என்று கையேட்டில் இருக்கிறது. அந்தக் கையேடு என் கராஜ் அலுமாரித் தட்டிலேயே இருந்தும், முதல் முறை பழைய போல்ட்டுகளையே அளக்காமல் திரும்பப் பூட்டினேன். தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவன் நான், ஆங்கிலமும் வாசிப்பேன். தெரியாதவன் செய்தால் அறியாமை. நான் செய்தது திமிர்.

3. ஓம்

மறுநாள் ஹெட்டைக் கழற்றினேன். நடுவில் இருந்த இரண்டு போல்ட்டுகள் பெலன் போடாமலே சுழன்று வந்தன. வேர்னியரை எடுத்து, முதல் முறையே அளந்திருக்கவேண்டிய பத்தையும் அளந்தேன். ஏழு, எல்லையைத் தாண்டி நீண்டிருந்தன. ஒன்று புரிக்கு மேலே இடுப்புப்போல் மெலிந்திருந்தது. பிழை யாருடையது என்று அந்த நிமிடமே எனக்குத் தெரியும்.

புது போல்ட்டுகளை யாழ்ப்பாணம் டவுனில் ஒரே கடையில் வாங்கினேன். அவ்வளவு லேசாகக் கிடைக்கும் சாமான். பூட்டி வானைக் கொடுத்தேன். வாயைத் திறக்கவில்லை. பழைய பத்தையும் ஒரு பால்மா டின்னுக்குள் போட்டு மூடினேன்.

வான் பிறகு கொதிக்கவே இல்லை. அதுதான் ரஞ்சனுக்கு வினையாகிவிட்டது. சில மாதம் கழித்து நடராசா வந்து சொன்னார்: "பாத்தியளே அண்ணை, அவனை இறக்கினாப்பிறகு வானுக்கு ஒரு பிழையும் இல்லை."

"ஓம்" என்றேன்.

அந்த ஓம், பழைய போல்ட்டைப் பூட்டியதைவிடக் கேடுகெட்ட வேலை. தண்ணீர் பார்க்காமல் ஓடுகிறவன் என்று ஊரெல்லாம் கதை பரவி, ஒருவரும் ரஞ்சனை நம்பி வாகனம் கொடுக்கவில்லை. சாரதி வேலையைத் தவிர வேறு தெரியாதவன், சுன்னாகம் சந்தையில் வெங்காய மூட்டை சுமந்தான். நாலு வருடம் நான் அவனைக் கண்டும் காணாமல் போனேன்.

4. திறப்பு

கராஜை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு ஓய்ந்த பிறகு, டின்னை எடுத்துக்கொண்டு சண்டிலிப்பாய்க்குப் போனேன். இருவரையும் வைத்துக்கொண்டு போல்ட்டுகளை மேசையில் கொட்டி நடந்ததைச் சொன்னேன். நடராசா என்னைப் பார்க்கவே இல்லை. ரஞ்சன் மெலிந்த போல்ட்டைப் பொறுக்கி எடுத்து உருட்டிப் பார்த்தான். முன்பு என்னை அண்ணை என்று கூப்பிட்டவன் அவன்.

"பிழை என்ரை இல்லை எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும், ஐயா. நான் தண்ணி பாத்தனான். நீங்கள் சொன்னாப்பிறகு என்ரை கதையை ஆர் கேக்கிறது?"

நடராசா எழுந்துபோய் வானின் திறப்பைக் கொண்டுவந்து நீட்டினார். ரஞ்சன் வாங்கவில்லை.

"கராஜிலை ஆக்கள் பாக்கத்தானே பறிச்சனீ. அங்கை வைச்சுத் தா."

மறுநாள் மூவரும் கராஜுக்குப் போனோம். வேலை நடந்துகொண்டிருந்தது. எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லி, அன்று நின்ற அதே இடத்தில் நின்று, வானைக் கெடுத்தவன் நான், இவன் இல்லை என்று சொன்னேன். இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. ரஞ்சன் திறப்பை வாங்கினான். என்னைத் தாண்டி வெளியே நடந்து போனான்.

இப்போது கராஜில் நிற்பவர்களுக்கு: கையேட்டைத் திறவுங்கள், போல்ட்டை அளந்து பாருங்கள், சந்தேகமென்றால் எறியுங்கள். ஹெட்டைக் கழற்றிப் பார்க்குமுன் சாரதியின் மேல் பிழை சொல்லாதீர்கள். கழற்றிய பிறகு பிழை உங்களுடையது என்று கண்டால், போல்ட் கையில் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள்.