அடக்கிவைத்த குலவை

கண்ணால் கண்டதையும் மருத்துவரிடம் கேட்டுத் தெளிந்ததையும் மட்டுமே இங்கு எழுதுகிறேன். இதே நோயுற்ற ஒருவரின் கட்டிலருகே அமர்ந்து யாரேனும் இதை வாசிக்கக்கூடும். மிகைப்படுத்திய ஒரு சொல் அவரைத் தவறான வழியில் செலுத்திவிடும்.

நாடு விடுதலை பெற்றுச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. முதுகுளத்தூர் அருகே எங்கள் மிளகாய்த் தோட்டத்தில் என் மனைவி பாக்கியத்தின் குதிகாலில் உடைமுள் தைத்தது. பிடுங்கி எறிந்துவிட்டு மறந்துபோனாள். அடுத்த வாரம் ஒரு காலை, கேப்பைக்கூழை வாயருகே கொண்டுசென்றவள் கையைத் தாழ்த்தினாள். வாய் திறக்கவில்லை.

இராமநாதபுரத்து மருத்துவமனையில் நோய்க்குப் பெயர் கிடைத்தது: இசிவு நோய் (காயத்தின் வழியே புகும் கிருமியின் நஞ்சு தசைகளை இறுக்கி இழுப்பது). வாய்ப்பூட்டு (தாடை இறுகிப்போதல்) அதன் முதல் அடையாளம். நச்சுமுறி ஊசி போட்டார்கள். உறக்க மருந்து கொடுத்தார்கள். சன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடினார்கள்.

"ஓசை ஆகாது. சிறு சத்தத்துக்கும் உடம்பு வில்லாய் வளையும். இழுப்பு நெஞ்சைப் பிடித்தால் மூச்சு நின்றுவிடும்," என்றார் மருத்துவர்.

பாக்கியத்தின் தாயாகிய என் அத்தை, குலவையிடுவதில் ஊரறிந்தவர். அவருக்கு இது விளங்கவில்லை. "நோவு பாக்க வந்து பேசாம இருந்தா பகைன்னுல்ல நெனைப்பாக, மாப்ள?" என்றார். ஆயினும் அடங்கியிருந்தார்.

ஒரு பிற்பகல் செவிலியர் கரண்டியின் நுனியைப் பற்களிடையே வைத்தபோது தாடை சற்றே இளகியது. அத்தை அதைக் கண்டார். அவரையும் மீறிக் குலவை எழுந்துவிட்டது.

பாக்கியத்தின் முதுகு கட்டிலை விட்டெழும்பி வளைந்தது. முகம் நீலம் பாரித்தது. மருத்துவர் ஓடிவந்து ஊசி போட்டபின்தான் மூச்சு சீரானது.

அத்தை நடைவழியில் சுருண்டு கிடந்தார். செவிலியர் அவரருகே குனிந்தார். "அழுதது போதும்மா. வாசல்ல நின்னு சத்தத்தை மறிங்க. அதுக்கு எங்களுக்கு ஆள் கிடையாது."

அத்தை எழுந்தார். காதில் கலகலத்த தண்டட்டிகளைக் கழற்றி மடியில் முடிந்துகொண்டார். நலம் விசாரிக்க வந்த எங்கள் ஊரார் அனைவரையும் மருத்துவமனை முன் சாலையில் காவலுக்கு நிறுத்தினார். பேருந்து வந்தால் துண்டை வீசி, ஒலிப்பானை அழுத்த வேண்டாமென்று கும்பிட்டார்கள். கடற்கரை ஊரான மண்டபத்திலிருந்து வந்த கருவாட்டு வண்டியின் மாட்டுச் சலங்கைகளில் என் மைத்துனன் வைக்கோலைத் திணித்தான்.

"ஏலே, வைக்கோலை மாட்டுக்கு வாயில குடுப்பாக. நீ கழுத்துல குடுக்குற!" என்றார் வண்டிக்காரர்.

"மெல்ல, மாமா. நோவு எங்கக்காவுக்கு, வாய்ப்பூட்டு ஊருக்கே."

சாலை அடங்கியது. இழுப்புகள் குறைந்தன. கஞ்சி உள்ளே சென்றது. சன்னல்களின் கறுப்புத் துணிகள் ஒவ்வொன்றாக அகன்றன.

வீடு திரும்பும் நாளில் மருத்துவர் அத்தையை அழைத்தார். "ஒரு சோதனை மிச்சமிருக்கிறது. குலவை போடுங்கள்."

"வேணாஞ் சாமி. வாய் தெறக்க மாட்டேங்குது."

"போடு ஆத்தா," என்றாள் பாக்கியம். "எனக்குப் பூட்டுனதை நீ வாங்கிக்கிட்டியா?"

அத்தை சுவரைப் பற்றிக்கொண்டார். முதலில் மெலிதாக, பின் முழு வீச்சில் குலவை எழுந்தது. நாங்கள் அனைவரும் பாக்கியத்தின் முதுகையே பார்த்தோம். அது வளையவில்லை. அவள் வாய்விட்டுச் சிரித்தாள்; கடைவாய்ப் பற்கள் வரை தெரிந்தன. அடுத்த கூடத்துப் பெண்கள், காரணம் அறியாமலே, தாமும் குலவையிட்டனர்.

இன்றும் அவள் கொட்டாவி விடும்போது நான் செய்யும் வேலையை நிறுத்திவிடுகிறேன். அவள் நாளெல்லாம் பேசினாலும் பொழுது நீண்டதாகத் தோன்றுவதில்லை.

அன்றைய இழுப்பைக் குலவைதான் கொணர்ந்ததா, அது தானே வரவிருந்ததா என்று மருத்துவரைக் கேட்டேன். அவரால் சொல்ல இயலவில்லை. அத்தை என்னைக் கேட்டார். தெரியாது என்றேன். இன்றுவரை தெரியாது.