சிவப்புத் துணியோடு குன்னூர் வரை

ஞாயிறு விடிகாலை நான்கு மணிக்கு நானும் என் வீட்டுக்காரரும் திருப்பூரிலிருந்து காரில் கிளம்பினோம். அவினாசி, அன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் அறுபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். என் பையில் கைக்குட்டை அளவில் ஒரு சிவப்புத் துணி இருந்தது. எங்களிடம் பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர் ‘இந்த நிறம்தான்’ என்று ஒப்புக்கொண்ட ஒரே துண்டு. மறுநாள் அதை வீரபாண்டி சாயப்பட்டறையில் கொடுத்தால்தான் எங்கள் ஆர்டருக்குச் சாயம் போடுவார்கள். வீட்டில் விட்டுவர மனம் வரவில்லை.

காலை 7.10க்கு மலை ரயில். கல்லாறு தாண்டியதும் பல்சக்கரம் தண்டவாளங்களுக்கு நடுவிலுள்ள பல்வரிசையைக் கவ்வ, நீராவி எஞ்சின் பின்னாலிருந்து தள்ளியது. ஹில்குரோவில் தண்ணீர் பிடிக்க நின்றபோது எஞ்சின் உதவியாளரிடம் பேச்சுக் கொடுத்தேன். கையெல்லாம் எண்ணெய் அவருக்கு.

“எங்கப்பா காலத்துல இங்க குவார்ட்டர்ஸ் நிறைய குடும்பம் இருந்துச்சும்மா. புள்ளைங்க இந்த வண்டியிலதான் குன்னூர் பள்ளிக்கூடம் போகும். இப்போ குரங்குதான் குடியிருக்கு.”

தேயிலை இறங்கவும் ஆட்கள் ஏறவும் இந்தப் பாதையை நம்பிப் பிறந்த சிற்றூர்கள். பஸ் வந்ததும் பல ஓய்ந்துவிட்டன. பஞ்சு மூட்டை ஏற்றி இறக்கிய எங்கள் ஊரும் ரயிலை ஒட்டி வளர்ந்ததுதான். எங்களுக்குப் பனியன் கைகொடுத்தது.

வண்டி நகர்ந்தபின் பையைத் திறந்தேன். சிவப்பைக் காணோம்.

“ஏனுங்க, அந்தச் செவப்புத் துணி எங்கீங்க?”

“அந்தாளு கையெல்லாம் எண்ணெய்யா இருந்துச்சு. வேஸ்ட்டுன்னு நெனச்சுக் குடுத்துப்போட்டனே!”

எங்கள் ஊர்க்காரர் பையில் பனியன் வேஸ்ட், அதாவது கை துடைக்கும் வெட்டுத் துணி, இல்லாமல் இராது; கேட்குமுன்னே நீட்டிவிடுவார்கள். அதன்பின் குகையும் அருவியும் எதுவும் என் கண்ணில் படவில்லை.

குன்னூரில் இறங்கி எஞ்சினை நோக்கி ஓடினேன். உதவியாளர் ஏதோ கருந்துணியில் கை துடைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் சட்டைப் பையிலிருந்து மடிப்புக் கலையாமல் அந்தச் சிவப்பை எடுத்தார்.

“இதுல கை தொடைப்போமாம்மா? எஞ்சின்ல செவப்பு அசைஞ்சாலே பெட்டியில நிக்கிற பிரேக்ஸ்மேன் ஆபத்துன்னு பிரேக்கைப் போட்டுருவாரு. அதான் உள்ள வச்சுட்டேன்.”

அப்பாடா! அங்கேயே ஒரு படிக்கட்டில் உட்கார்ந்து சிரித்தேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. மீதமிருந்த வேஸ்ட் துணி முழுவதையும் அவரிடம் கொடுத்தேன். எல்லாம் வெள்ளை.

மறுநாள் காலை சாயப்பட்டறையில் துண்டைக் கொடுத்தேன். மேனேஜர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “நல்ல செவப்புங்க” என்றார். “ஆமாங்க, ரயிலையே நிறுத்துமுங்க” என்றார் என் வீட்டுக்காரர்.