அண்ணா பொறியியலாளர் அல்லர்

அண்ணாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவுகளே, நண்பர்களே! உங்களில் பலர் முன்பொரு நாள் என் திருமண அழைப்பிதழையும் கையில் வாங்கியவர்கள். அதில் அண்ணாவின் பெயருக்குக் கீழே 'பொறியியலாளர், அமெரிக்கா' என்று அச்சாகியிருந்தது. அது பொய். அம்மாவைக் குறை சொல்ல வேண்டாம். எழுதிக் கொடுத்தவள் தங்கை நான்தான். அதைத் திருத்தவே இதை எழுதுகிறேன்.

அண்ணா பருத்தித்துறையில் பிறந்து, நான்கு வயதில் நோர்வேயின் ஒஸ்லோவுக்கு வந்து, அங்கே ரொம்மன் பகுதியில் வளர்ந்தார். பள்ளித் தோழனின் தந்தையான ஓர் அமெரிக்கர்தான் அவருக்குப் பேஸ்போல் விளையாட்டைக் காட்டினார். அண்ணா நின்றது அடிப்பவருக்குக் கிட்டவுள்ள மண் தரையில். அங்கே கண்ணிமைக்கமுன் பந்து காலடிக்கு வந்துவிடும். அதைப் பிடித்து, ஓடுபவர் வந்து சேரமுன் எறிய வேண்டும். அதற்காகத் தினமும் காலையில் எங்கள் கட்டடத்தின் கார்த் தரிப்பிடச் சுவரில் முந்நூறு தடவை எறிந்து பிடிப்பார். ஒன்று தவறினாலும் முதலிலிருந்து எண்ணுவார்.

"இவனுக்கு விசர் பிடிச்சிட்டுது" என்பார் அப்பா.

அந்த விசர்தான் பத்தொன்பது வயதில் அவரை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனது. பதினான்கு வருடங்கள் சின்ன நகரங்களின் அணிகளில் சம்பளத்துக்கு விளையாடினார். இரண்டு விரல்கள் முறிந்து கோணின. உச்சப் பிரிவு அணிகள் ஒருநாளும் அழைக்கவில்லை. ஆனாலும் ஒரு பயிற்சியைக்கூட அவர் தவறவிட்டதில்லை.

ஒரே ஒருமுறை போய்ப் பார்த்தேன். பந்து இடப்பக்கம் சீறியது. அண்ணா பாய்ந்து, நெஞ்சு மண்ணில் உரச விழுந்து பிடித்து, முழங்காலில் நின்றே எறிந்தார். அம்மாடி! எங்கள் வீட்டில் என்னோடு சோறு தின்ற மனிதரா இவர் என்று வாய்பிளந்து நின்றேன். சற்று நேரத்தில் சுலபமான பந்தொன்று அவர் கால்களுக்கிடையால் போய்விட்டது. அரங்கமே கூச்சலிட்டது. அண்ணா உடனே வலக்கையை உயர்த்தி எல்லோரும் காண நின்றார். பிறகு காலால் மண்ணைச் சமப்படுத்திவிட்டு அடுத்த பந்துக்குக் குனிந்தார்.

"ஏன் அண்ணா கையைக் காட்டினனீங்கள்?" என்று பிறகு கேட்டேன்.

"பிழை என்ரை. பந்து போட்டவன் தன்ரை எண்டு நினைச்சிடக் கூடாதெல்லே?"

அந்தப் பாய்ச்சலைவிட அந்தக் கையே என்னை மலைக்க வைத்தது. இருந்தும் அடுத்த வருடம் அழைப்பிதழில் அப்படி எழுதினேன். "பந்து விளையாடுறதோ? அதுவும் ஒரு உத்தியோகமோ?" என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டுவிடுவார்களோ என்று பயம்.

கல்யாண மண்டபத்தில் மாமா ஒருவர் அண்ணாவைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, நீர் என்ன எஞ்சினியர்?"

அண்ணா என்னைப் பார்த்தார்.

"மண்ணோடை வேலை மாமா. சமப்படுத்திறது."

"ஓ, அப்ப சிவில்!" மாமாவுக்குப் பெரிய சந்தோசம். அண்ணா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

பிறகு விளையாட்டை விட்டு ஒஸ்லோ திரும்பி, மோர்டென்ஸ்ருட்டில் குடியிருந்து, பகலில் பள்ளிக்கூடமொன்றில் பராமரிப்பு வேலை பார்த்தார். மாலையில் பிள்ளைகளுக்குப் பந்து பழக்கினார். நாற்பத்தாறு வயதில் நோய் கண்டது. கடைசி வாரம் மருத்துவமனையில் தாதி ஒருவர் அவருடைய கோணல் விரல்களைத் துடைத்தபடி, "இவர் என்ன வேலை செய்தவர்?" என்று நோர்வேஜிய மொழியில் கேட்டார். அண்ணா என்னைப் பார்த்தார், அன்று மண்டபத்தில் பார்த்தது போலவே. உண்மையை நான் சொல்லியிருக்கலாம். அழுதுகொண்டு வெளியே போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவர் நினைவிழந்திருந்தார். பிறகு கண் திறக்கவேயில்லை.

அவரைத் தாங்கிப் பராமரித்த தாதியருக்கும், வீட்டுக்குச் சாப்பாடு சமைத்து அனுப்பிய அயலவர்களுக்கும், பனியில் நின்று வழியனுப்பிய அவருடைய அணிப் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பத்தின் மனமார்ந்த நன்றி.

கடைசியாக ஓர் உதவி. அந்த அழைப்பிதழ் உங்கள் வீட்டில் எங்காவது கிடந்தால், 'பொறியியலாளர்' என்பதைக் கோடிட்டு வெட்டிவிட்டு 'பேஸ்போல் வீரர்' என்று எழுதிவிடுங்கள்.

பிழை என்ரை, அண்ணா. எல்லோரும் காணக் கையை உயர்த்தியிருக்கிறேன்.