கையெழுத்தில்லாத கண்டனம்

விடுதியில் குடிக்கத் தண்ணீர் கேட்டு எங்கள் கல்லூரி வாசலில் உட்கார்ந்த ஐந்து மாணவர்களை நேற்று போலீஸ் கைது செய்தது.

இன்று காலை, ஆசிரியர் சங்கத்தின் கண்டன அறிக்கையோடு உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். சங்கச் செயலாளர் நான்தான்.

கடைக்கார பாய் வாங்கி முழுவதும் படித்தார்.

"நல்லாத்தான் எழுதிகீறீங்க மேடம். கீழ ஒருத்தர் பேரையும் காணோமே?"

"சங்கத்தின் சார்பில்னு இருக்கே, பாய்."

"பசங்க பேரு, அப்பா பேரு, ஊரு எல்லாம் போலீஸ் பேப்பர்ல கீது. பாடம் நடத்துற உங்க பேரைப் போட்டா இன்னா?"

சுருக்கென்றது. பெயர்கள் வேண்டாம் என்று கூட்டத்தில் சொன்னதே நான்தான். வேலை போய்விடுமோ என்று பயம்.

அங்கேயே பேனா வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். நகல் எடுக்காமல் கல்லூரிக்குத் திரும்பி, அறிக்கையை ஸ்டாஃப் ரூம் மேஜையில் வைத்தேன்.

முதலில் எழுந்து வந்தவர், இன்னும் பணி நிரந்தரமாகாத கணிதத் துறை சுமதி.

"எங்க மேடம் போடணும்?"

மதியத்துக்குள் பதினோரு பேர் போட்டுவிட்டோம். சாயங்காலம் அறிக்கையைக் காவல் நிலையத்துக்கு எதிரிலேயே ஒட்டினோம்.

மாணவர்களை இன்னும் விடவில்லை. விடும்வரை, நாளை முதல் அதே கல்லூரி வாசலில் நாங்கள் உட்காருவோம்.

அதற்குள் பதினோரு பேருக்கும் தனித்தனியாக விளக்கம் கேட்டு கல்லூரி நிர்வாகத்திடமிருந்து மெமோ வந்திருக்கிறது. எல்லாரும் சேர்ந்து ஒரே பதில் கொடுக்க விதியில் இடமிருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இல்லாவிட்டாலும் அப்படித்தான் கொடுக்கப் போகிறோம்.