ஒன்பதாம் தட்டு

கம்ப்யூட்டர் லேப் உதவியாளர் வேலை என்பது பிறர் பொருளுக்குக் காவல் இருப்பது. பையை வாங்கி டோக்கன் கொடுத்துப் பிழைக்கிற எல்லோருக்கும் என் பாடு புரியும்.

அரியர் சிறப்பு வகுப்பின் முதல் நாள் இருந்தவர்கள்: பாடம் நடத்த ஸ்டெல்லா மிஸ், சி என்ற கம்ப்யூட்டர் மொழிப் பாடத்தில் அரியர் வைத்த பதினோரு பேர், வாசல் மேசையில் நான். மொத்தம் பதின்மூன்று. பைத்தட்டு பன்னிரண்டு, எண் அடித்த தகர டோக்கனும் பன்னிரண்டு.

தகரத்தில் பாடம்

பாயிண்டர் என்றாலே பிள்ளைகள் முகம் வாடிவிடும். மிஸ் என் மேசையிலிருந்து ஒரு டோக்கனை எடுத்துத் தூக்கிக் காட்டினார். "இது பையா?"

"இல்ல மிஸ், பை இருக்கிற இடம்" என்றான் ரியாஸ். வகுப்பின் வாயாடி அவன்.

"அதான் பாயிண்டர். பொருள் இல்ல, முகவரி."

கீரனூர் சுகந்தி எழுந்தாள். இரண்டு முறை தவறியவள். இந்த முறையும் போனால் படிப்பு போதும், கல்யாணம்தான் என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். "ஏனுங்க மிஸ், இந்த நம்பரை ரெண்டு பேரு எழுதி வச்சுக்கிட்டா, பையும் ரெண்டாயிருமுங்களா?"

"பை ஒண்ணுதான்மா."

அவள் முகம் தெளிந்தது. ரியாஸ் சொன்னான்: "ரெண்டு வருசமாப் புரியாதது அண்ணன் தகரத்துலயா இருந்துச்சு!"

ஹெல்மெட்

எங்கள் தட்டுகளுக்கு நடுவே இருப்பது வெறும் அட்டை. எட்டாம் தட்டில் ரியாஸ் ஹெல்மெட்டைத் திணித்தான். அட்டை சாய்ந்து, ஒன்பதில் இருந்த சுகந்தியின் சாப்பாட்டுப் பாத்திரம் கவிழ்ந்தது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

"மெமரியும் இப்படித்தான் பக்கம் பக்கமா இருக்கும். உன் இடத்தத் தாண்டி எழுதினா அடுத்தவன் பொருள் நாசம். சி தடுக்காது" என்றார் மிஸ்.

குழம்பைத் துடைத்தபடியே ரியாஸ் சொன்னான்: "சி-யும் நம்ம அண்ணன் மாதிரிதான் மிஸ். எல்லாத்தையும் பாக்கும், ஒண்ணும் சொல்லாது."

ஐந்து மணி

ஐந்து மணிக்குத் தட்டுகளைக் காலி செய்வது என் வழக்கம். ரெக்கார்டு காட்டும் கடைசி நாளுக்கு முந்தின நாள், பெண் பார்க்க வருகிறார்கள் என்று வீட்டிலிருந்து போன் வர, சுகந்தி பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள். டோக்கன் அவள் கையில், செய்முறைகளை எழுதிய ரெக்கார்டு நோட்டு ஒன்பதாம் தட்டில். நோட்டை எடுத்துப் பின் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். எங்கே வைத்தேன் என்று என் சிறு குறிப்பேட்டில் எழுதினேன். ஆபீஸில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், பேசக் கூச்சம்.

மறுநாள் கொடைரோட்டில் ஒரு சாவு. குறிப்பேடும் சாவியும் என் சட்டைப் பையில், போனை அணைத்திருந்தேன். திரும்பும்போது மணி இரண்டு. ரெக்கார்டைக் காட்டிக் கையெழுத்து வாங்கும் நேரம் பன்னிரண்டோடு முடிந்திருந்தது. கையெழுத்து இல்லாமல் செய்முறைத் தேர்வு கிடையாது. மிஸ் எவ்வளவோ கேட்டுப் பார்த்தும் நடக்கவில்லை.

"இதுக்கும் எங்க பாடத்துல பேரு இருக்குண்ணே" என்றார் மிஸ் மெதுவாக. "மெமரி லீக். பொருள் உள்ளதான் இருக்கும். முகவரி தெரிஞ்ச ஆள்தான் இருக்க மாட்டான்."

நோட்டு

அலமாரியைத் திறந்து நோட்டை நீட்டினேன். சுகந்தி வாங்கவில்லை. சொன்னாள்: "விடுங்கண்ணா. நோட்டு எங்கயும் போயிரலீங்களே. இருக்கிற இடந்தான் எனக்குத் தெரியாமப் போச்சு."

வைகாசியில் அவளுக்குக் கல்யாணம் முடிந்தது. டோக்கன் திரும்பவில்லை, நான் கேட்கவும் இல்லை. ஒன்பதாம் தட்டை மட்டும் ஐந்து மணிக்குக் காலி செய்வதில்லை; அந்த நோட்டைத் திரும்ப அங்கேயே வைத்திருக்கிறேன்.

இருப்புச் சரிபார்க்க வருகிறவர்கள் என் கணக்கு தப்பு என்றே எழுதிக்கொள்ளட்டும்: தட்டு பன்னிரண்டு, டோக்கன் மீதி பதினொன்று.