நீதிபதி ஐயாவும் கேக் கடைப் பெண்ணும்

டெய்லரக்காவின் வாயிலிருந்து ஒரு கடுஞ்சொல் வந்து யாரும் கேட்டதில்லை. போன வருஷத்து அளவே போதும் என்று அடம்பிடிக்கிற வாடிக்கையாளரிடம்கூட, "டேப் பழசாயிடுச்சு, சுருங்கியிருக்கும்" என்று பழியை டேப் மேல் போட்டுவிடுவாள். வீட்டில் டிரைவர் கணவர் பேசுவார், இவள் கேட்பாள். கடையில் வருகிறவர்கள் பேசுவார்கள், இவள் குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டு கேட்பாள். குண்டூசியைக் கவ்விக்கொண்டு யாரால் கருத்துச் சொல்ல முடியும்?

சொல்லாத கருத்துகள் எல்லாம் நெஞ்சில் மலையாகக் குவிந்து கிடந்தபோதுதான் அந்தச் செயலி அவள் கைப்பேசியில் அகப்பட்டது. பெயர் சொல்லாமல் மனக்குறையை எழுதலாம். யார் வேண்டுமானாலும் யோசனை சொல்லலாம். முதலில் தன் படத்தோடுதான் போனாள். மாமியாரோடு சண்டை போட்ட ஒருத்திக்கு இரண்டு வரி ஆறுதல் எழுதினாள். சாயங்காலத்துக்குள் புகுந்த வீட்டுச் சொந்தம் முழுக்க ஃபோன் போட்டு, "யாரை மனசுல வச்சு எழுதின?" என்று விசாரித்துவிட்டது. அன்றே படத்தை எடுத்தாள். ஓய்வுபெற்ற நீதிபதி ஆனாள்.

அதே ஆறுதல், அதே இரண்டு வரிதான். ஆனால் நீதிபதி சொன்னால் கையெடுத்துக் கும்பிட்டார்கள். "ஐயா, தங்கள் தீர்ப்பால் எங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது" என்று ஒருவர் உருகினார். கஷ்டமும் இல்லாமலில்லை. கிளியின் படம் வைத்திருந்த முகம் தெரியாத ஒருவன், "போடா கிழவா" என்று எழுதிவிட்டான். தன்னைக் கிழவன் என்று சொல்லிவிட்டானே என்று அவள் யாரிடம் போய் அழுவாள்? அன்று ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் இடக்கையாகவே வைத்துத் தைத்தாள்.

கடையில் இன்னொருத்தி உண்டு, கணவரின் தங்கை. நரை எட்டிப் பார்க்கத் தொடங்கிய பிறகும் எல்லோருக்கும் அவள் குட்டிதான். காஜா எடுப்பாள், பொத்தான் தைப்பாள், ஓரம் மடிப்பாள். துணி வெட்ட மட்டும் அவளை விட்டதில்லை. தன் கத்தரியில் வேறு கை பட்டால் டெய்லரக்காவுக்கு நெஞ்சில் பட்டாற்போல இருக்கும். "அடுத்த மாசம் சொல்லித் தரேன் குட்டி" என்பாள், தேனாக. மாசங்கள் வந்தன, போயின.

ஒரு மத்தியானம், தினமும் காலையில் வணக்கம் போடுகிற ஒரு பெண்ணிடமிருந்து நீதிபதிக்கு முறையீடு வந்தது.

"மதிப்பிற்குரிய ஐயா, நான் கேக் கடையில் வேலை பார்க்கிறேன். முதலாளி என் அண்ணன் மனைவி. நல்லவர். ஆனால் ஒரு கேக்கைக்கூட என்னை வெட்ட விட்டதில்லை. கேக்கின் கழுத்தைச் சுற்றி ஓரம் மடிப்பதும் பொத்தான் வைப்பதும்தான் என் வேலை. நேற்று தோள்பட்டையில் அரை இன்ச் கூட விடலாமே என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார். நான் தனியாகக் கடை போடலாமா?"

எந்தக் கேக்குக்குத் தோள்பட்டை இருக்கிறது என்று நீங்களும் நானும் கேட்போம். டெய்லரக்காவுக்கு அதில் ஒன்றும் உறுத்தவில்லை. தோள்பட்டை என்றால் அரை இன்ச் விடத்தானே வேண்டும்? முகம் தெரியாத அந்தப் பெண்ணுக்காக அவள் ரத்தம் கொதித்தது.

"குழந்தாய், உன் அண்ணி சிரித்துக்கொண்டே ரத்தம் குடிக்கும் அட்டை. அன்பு என்ற கயிற்றால் உன் கைகளைக் கட்டிப் போட்டிருக்கிறாள். அனுமதி கேட்காதே. அறிவித்துவிட்டு வெளியேறு" என்று தீர்ப்பு எழுதினாள்.

மறுநாள் காலை குட்டி வந்தாள். உட்காரவில்லை.

"அண்ணி, அனுமதி கேக்க வரல. அறிவிக்க வந்திருக்கேன். நான் தனியா கடை போடப் போறேன்."

டெய்லரக்காவின் உதட்டிலிருந்து குண்டூசிகள் உதிர்ந்தன. அந்த வீட்டில் யாரும் எதையும் அறிவித்ததில்லை. விறுவிறுவென்று உடை போட்டுப் பார்க்கும் அறைக்குள் போய்த் திரையை இழுத்துவிட்டு, முறையீட்டைத் திரும்பப் படித்தாள். கழுத்து. பொத்தான். தோள்பட்டை. கண்ணாடியில் தெரிந்த அட்டையைப் பார்த்தாள்.

கைப்பேசி சிணுங்கியது. செய்தி வந்தது திரைக்கு அந்தப் பக்கமிருந்துதான்.

"ஐயா, சொல்லிவிட்டேன். அண்ணி முகம் செத்துப் போய்விட்டது. நான் செய்தது பாவமா? இருந்துவிடு என்று நீங்கள் சொன்னால் இங்கேயே இருந்துவிடுகிறேன்."

ஒரே வரி போதும், குட்டி போகமாட்டாள். யாருக்கும் தெரியாது, யாரும் கேட்கப் போவதில்லை. டெய்லரக்கா எழுதியே விட்டாள்: "அவசரப்பட்டுவிட்டாய் குழந்தாய், அண்ணி பாவம்." அனுப்பப் போன விரல் அந்தரத்தில் நின்றது. கண்ணீர் கைப்பேசிமேல் சொட்டி, எழுத்துகள் பெரிதாகித் தெரிந்தன. அழித்தாள். வெளியே வந்தாள்.

"ஏன் குட்டி என்கிட்ட நேரா கேக்கல?"

"எத்தனை தடவை கேட்டிருக்கேன். உடனே கண்ணு கலங்கிடுவீங்க. அப்புறம் உங்களைத் தேத்தறதே எனக்கு வேலையாப் போயிடும்."

"அதுக்காக யாரோ ஒருத்தர்கிட்ட போய்க் கேப்பியா?"

குட்டி திடுக்கிட்டாள். ஆனாலும் விடவில்லை. "அவர் யாரோ இல்ல. பெரிய நீதிபதி. எனக்காக உங்களை அட்டைன்னே சொன்னாரு."

"நான்தான்டி சொன்னேன்."

"எதை?"

"அட்டைன்னு."

கைப்பேசியை நீட்டினாள். குட்டி அதைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள், முக்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"தினமும் காலைல ஐயாவுக்கு வணக்கம் போட்டேனே அண்ணி. உங்களுக்கு ஒரு நாள் போட்டதில்ல."

"எனக்கு எங்க போடுவ? மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுதான் வருவ."

"ஆனாலும் அட்டைங்கறது ஜாஸ்தி. நான் அவ்வளவு சொல்லல."

"நான்னு தெரியாதுல்ல, வாய் நீண்டுடுது."

குட்டிக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் அடங்கியது. "இப்ப தீர்ப்பை மாத்தப் போறீங்களா?"

"மாத்தத்தான் உள்ள போனேன். டைப்கூடப் பண்ணிட்டேன்." மூக்கை உறிஞ்சினாள். "மாத்தல. நீ போய் கடை போடு."

"இது அண்ணி சொல்றதா, ஐயா சொல்றதா?"

"மூக்கை உறிஞ்சிக்கிட்டுச் சொன்னா அது அண்ணிதான்."

"கடைக்கு உங்க பேரை வைக்கட்டுமா?"

"வேண்டவே வேண்டாம். நீ கழுத்தைக் கோணலா வெட்டிட்டு, ஊரே வந்து என்னைத் திட்டவா? உன் பேரை வை. குட்டின்னு வைக்காத, முழுப் பேரையும் கொட்டை எழுத்துல வை. தெருமுனையில நின்னு பாத்தாலே தெரியணும்."

சொல்லி முடித்துவிட்டுத்தான் டெய்லரக்கா வாய்விட்டு அழுதாள். குட்டி அவளைத் தேற்றவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அவளைவிடச் சத்தமாக அழுதாள்.