ரூட்டருக்கு வைத்த பொட்டு

என் அண்ணன் தாயில்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனியின் போர்மேன். வேலைக்கு வருகிறவர்களின் பையைத் தடவிப் பார்த்து, ஒரு தீக்குச்சிகூட உள்ளே போகாமல் காப்பவர். அப்பேர்ப்பட்டவர் வீட்டில் பேங்க் தளத்தைத் திறந்தால் சூதாட்டப் பக்கம் வந்து நின்றது. புதுக் கம்ப்யூட்டரே வாங்கிவிட்டார். அதிலும் சூதாட்டம்தான்.

கடைசியில் என்னைக் கூப்பிட்டார். எல்லாச் செல்போனிலும் அதே கூத்து என்றதும், வீடு முழுக்க இன்டர்நெட் தரும் ரூட்டரைச் சந்தேகித்தேன். எவனோ அதற்குள் புகுந்து, தளங்களுக்கு வழி சொல்லும் முகவரியை மாற்றியிருந்தான். பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டதால் என்னை உள்ளே விடவில்லை. அவன் ஒன்றும் கஷ்டப்பட்டிருக்க மாட்டான். வாங்கிய நாளில் இருந்த 'அட்மின்' என்ற பாஸ்வேர்டை அண்ணன் தொட்டதே இல்லை.

ரீசெட் செய்து பழைய நிலைக்குக் கொண்டுவரலாமென்றால், ஊசியால் அழுத்தும் அந்தத் துளையைக் காணோம். ஆயுத பூஜைக்கு அண்ணி வைத்த சந்தனம் அதை அடைத்து இறுகிக் கிடந்தது. ஊக்கால் சுரண்டினேன்.

"ஏலே, பொட்டை ஏன் அழிக்கே? பாதுகாப்புக்கு வச்சதுலே" என்று பதறினார் அண்ணன்.

ரீசெட் ஆனதும் பேங்க் பேங்காகவே வந்தது. பன்னிரண்டு எழுத்தில் புதுப் பாஸ்வேர்டு போட்டுச் சொன்னேன். அண்ணன் முகம் சுளித்தார்.

"அம்புட்டு நீளத்தை யாருலே ஞாபகம் வைப்பா? பழசையே வச்சிரு. பொட்டுத்தான் மறுபடி வச்சிருவோம்ல."